வீட்டுக்குக் காவல் இருக்கிறது, கொட்டகைக்கு?

அதிகாலை 4 மணி. இரவு முழுவதும் நல்ல மழை. பால் கறக்கும் நேரம் ஆகிவிட்டது. வீட்டு அம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போகிறார்.

மாட்டுக் கொட்டகையில் விளக்கு எரிகிறது. ஆனால், வழக்கம்போல் பசு எழுந்து நிற்கவில்லை. காலை நீட்டிப் படுத்துக் கிடக்கிறது.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்று பதறிக்கொண்டு உள்ளே ஓடுகிறார். ஈரத் தரை. வெறுங்கால். ஒரு கையால் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்க்கிறார்.

அந்தக் கை தூணைத் தொட்டால் என்ன ஆகும்?

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், இதைப் போன்ற செய்திகளை மழைக்காலத்தில் பத்திரிகைகளில் நீங்கள் படித்திருப்பீர்கள். மாட்டைக் காப்பாற்றப் போனவர் இறந்தார். அவரைக் காப்பாற்றப் போன மகனும் இறந்தான். ஒரே வீட்டில் இரண்டு சாவு.

"வீட்டில் பியூஸ் இருந்ததே! அது ஏன் போகவில்லை?" என்று ஊரார் கேட்பார்கள்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

பியூஸ் யாருக்குக் காவல்?

கொல்லைப்புறத்தில் தனியாக ஒரு கொட்டகை. மாடு கட்டலாம். மோட்டார் வைக்கலாம். விறகு அடுக்கலாம். குளியல் அறையாகவும் இருக்கலாம். அதற்கு வீட்டில் இருந்துதான் மின்சாரம் போகிறது. வீட்டுப் பலகையில் ஒரு சுவிட்சில் இருந்து இரண்டு கம்பிகளை இழுத்து, தென்னை மரத்தில் ஒரு கட்டுக் கட்டி, கொட்டகைக்குக் கொண்டு போய்விடுவார்கள்.

கம்பி இழுக்க வந்த வயர்மேனுக்கும் வீட்டுக்காரருக்கும் இப்படிப் பேச்சு நடக்கும்:

"அண்ணே, கொட்டகைக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு வைத்துவிடலாமா?"

"எதற்குத் தம்பி வீண் செலவு? வீட்டில்தான் பியூஸ் இருக்கிறதே. ஏதாவது ஆனால் அது போய்விடும்."

"பியூஸ் கம்பிக்குத்தான் அண்ணே காவல். ஆளுக்கு இல்லை."

வயர்மேன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

பியூஸ் என்பது என்ன? எளிதில் உருகும் ஒரு மெல்லிய கம்பி. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால், சுவருக்குள் இருக்கும் ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும். அதற்கு முன்னால் பியூஸ் கம்பி உருகி அறுந்துவிடும். மின்சாரம் நின்றுவிடும். வீடு தப்பும்.

இப்போது பல வீடுகளில் பீங்கான் பியூசுக்குப் பதிலாக எம்.சி.பி. என்ற சுவிட்சு இருக்கிறது. அளவு மீறினால் அது தானே கீழே விழும். கம்பி மாற்ற வேண்டாம், தூக்கிவிட்டால் போதும். ஆனால், அதன் வேலையும் பியூசின் வேலைதான். மின்சாரம் அளவு மீறியதா என்று மட்டுமே பார்க்கும்.

யார் உடம்பின் வழியாக ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நனைந்த உடம்போடு, வெறுங்காலோடு, ஈரத் தரையில் நிற்கும் ஒருவர் மின்சாரத்தைத் தொடுகிறார். அவருடைய உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23. அதாவது, ஏறக்குறைய கால் ஆம்பியர்.

ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிந்தால் எவ்வளவு மின்சாரம் ஓடும்? அதுவும் கால் ஆம்பியர்தான்!

வீட்டில் இருப்பதோ 15 ஆம்பியர் பியூஸ். ஒரு மனிதர் துடித்துக்கொண்டிருக்கும்போது, "கொட்டகையில் ஒரு பல்பு எரிகிறது போலும்" என்று பியூஸ் சும்மா இருந்துவிடும்.

கால் ஆம்பியர் சிறியது அல்ல. மனித உயிருக்கு அது மிகப் பெரியது.

அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர் இருந்தார். எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் மனிதனால் கையை விடுவித்துக்கொள்ள முடியாமல் போகிறது என்று அவர் ஆராய்ந்தார். தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, சிறிது சிறிதாக மின்சாரத்தைக் கூட்டினார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்து, பதினொன்று என்று அவருடைய சோதனையில் தெரிந்தது. அதற்கு மேல் போனால் விரல்கள் தாமாகவே இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது.

ஓர் ஆம்பியரை 1,000 பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். கால் ஆம்பியர் என்பது 250 மில்லி ஆம்பியர். 16 எங்கே? 250 எங்கே?

எர்த் போட்டால் போதாதா?

"எங்கள் கொட்டகைக்குத் தனி எர்த் இருக்கிறது. குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, இரும்புக் குழாய் இறக்கியிருக்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள்.

நல்லது. எர்த் கட்டாயம் வேண்டும். ஆனால், எர்த் மட்டும் போதாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கொட்டகையின் தகரக் கூரையில் ஒயர் உரசி உரசித் தோல் கிழிந்துவிட்டது. தகரத்தில் மின்சாரம் ஏறிவிட்டது. தகரத்தில் இருந்து தூணுக்கும், தூணில் இருந்து எர்த் குழாய்க்கும், குழாயில் இருந்து மண்ணுக்கும் அது ஓடுகிறது.

அந்த மண்ணின் தடை 23 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் மண் காய்ந்தால் இதைவிடவும் கூடும். 230-ஐ 23-ஆல் வகுத்தால் 10. பத்து ஆம்பியர் மண்ணுக்குள் போகிறது.

பியூஸ் எவ்வளவு? 15 ஆம்பியர். பத்துக்கு அது உருகுமா? உருகாது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் அப்படியே இருக்கும்.

அவ்வளவு நேரமும் தகரத்திலும் தூணிலும் ஏறக்குறைய 200 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். விளக்கு வழக்கம்போல் எரியும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மீட்டர் மட்டும் ஓடும். ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட்டுக்கு மேல். காரணம் இல்லாமல் மின் கட்டணம் திடீரென்று ஏறினால், கொல்லைப்புறத்தையும் ஒரு முறை சந்தேகப்படுங்கள்.

மாட்டுக்குச் செருப்பு இல்லை

மனிதனுக்கு முன்னால் மாடு அடிபடுவது ஏன்?

நாம் ரப்பர் செருப்புப் போட்டு நடக்கிறோம். மாட்டுக்குச் செருப்பு இல்லை. கோமியமும் தண்ணீரும் நனைத்த தரையில் அது நாள் முழுவதும் நிற்கிறது. கழுத்தில் இரும்புச் சங்கிலி. சங்கிலி கட்டியிருப்பது இரும்பு முளையில்.

இன்னொன்றும் உண்டு. மண்ணில் மின்சாரம் கசியும்போது, எர்த் குழாயின் அருகே வோல்ட் மிகுதியாக இருக்கும். தள்ளிப் போகப்போகக் குறையும். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே நாலைந்து அடி தூரம். முன்னங்கால் ஓர் அளவில், பின்னங்கால் வேறோர் அளவில். அந்த வித்தியாசம் வயிறு, நெஞ்சு வழியாகவே பாயும். மாட்டு உடம்பின் தடையும் மனித உடம்பின் தடையைவிடக் குறைவு.

ஆகையால், நமக்குத் தெரியாத கசிவு மாட்டுக்குத் தெரிந்துவிடும். கொட்டகைக்குள் வர அடம் பிடிக்கும். தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். "மாடு மிரளுகிறது, யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று சுற்றிப் போடுவதற்கு முன்னால், வயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வாய் இல்லாத ஜீவன் அதற்குத் தெரிந்த வகையில் எச்சரிக்கிறது.

மாட்டை எண்ணும் பாட்டி

ஆளுக்கும் மாட்டுக்கும் காவலாக இருக்கும் சாதனம் வேறு. அதற்கு மின்கசிவுத் தடுப்பான் என்று பெயர். கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேளுங்கள். பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்று சொல்வோரும் உண்டு.

அது எப்படி வேலை செய்கிறது?

காலையில் மாடுகள் மேய்ச்சலுக்குப் போகின்றன. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து எண்ணுகிறார். பத்து மாடு போனது. மாலையில் திரும்பி வரும்போதும் எண்ணுகிறார். ஒன்பதுதான் வந்தது. "ஒன்று எங்கேயோ வழி தவறிவிட்டது" என்று உடனே குரல் கொடுக்கிறார்.

ஆர்.சி.சி.பி. செய்வதும் அதுதான். ஒரு கம்பி வழியாக மின்சாரம் கொட்டகைக்குப் போகிறது. இன்னொரு கம்பி வழியாகத் திரும்பி வருகிறது. போனதும் வந்ததும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் என்ன அர்த்தம்? வழியில் கசிந்து தகரம் வழியாகவோ, மனித உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். உடனே 'டக்' என்று விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும்.

வீடுகளுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் சாதனம். அந்த அளவு கசிந்தால் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது விழ வேண்டும். கசிவு அதைப்போல் ஐந்து மடங்கானால், நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்தான். நாம் பார்த்த 250 மில்லி ஆம்பியர் அதையும் மீறியது. கண் இமைப்பதற்குள் மின்சாரம் நின்றுவிடும். ஒரு சுண்டு சுண்டும், பயமாகத்தான் இருக்கும். ஆனால், உயிரைக் காப்பாற்றும்.

மனிதனைக் காக்க இதைப் போன்ற நுட்பமான சாதனம் ஒன்றை 1961-ல் உருவாக்கியவர் வேறு யாரும் இல்லை. மேலே சொன்ன அதே டால்சியல்தான்.

எர்த்தும் இதுவும் சேர்ந்தால் பலம் பெரிது. தகரத்தில் மின்சாரம் ஏறிய கணமே அது எர்த் வழியாகக் கசியும். யாரும் தொடுவதற்கு முன்னாலேயே சாதனம் விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை அது காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஒன்றை மறக்கக்கூடாது. ஆர்.சி.சி.பி. கசிவை மட்டும் பார்க்கும். அளவு மீறுவதைப் பார்க்காது. ஆகையால் பக்கத்தில் எம்.சி.பி.யும் இருக்க வேண்டும். ஒருவர் இரண்டு கம்பிகளையும் இரண்டு கைகளால் பிடித்துவிட்டால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும். அப்போது அது காப்பாற்றாது. சாதனம் இருக்கிறது என்று கவனக்குறைவாக இருக்கலாகாது.

எங்கே வைப்பது?

கொட்டகையில்தானே ஆபத்து? அங்கேயே வைத்துவிடலாமா?

கூடாது. வீட்டில் இருந்து கம்பி புறப்படும் இடத்திலேயே வைக்க வேண்டும். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே உள்ள கம்பியும் அறுந்து விழலாம், எலி கடிக்கலாம், மண்வெட்டி படலாம். கொட்டகையில் மட்டும் காவல் வைத்தால் நடுவழிக்குக் காவல் இல்லை.

கொட்டகைக்கு என்று தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி. இருப்பது நல்லது. வீட்டுக்கும் கொட்டகைக்கும் சேர்த்து ஒன்றே வைத்தால் என்ன ஆகும்? மழை பெய்து கொட்டகையில் கொஞ்சம் கசிந்தாலும் வீடு முழுவதும் இருட்டாகிவிடும். நாலு நாள் பொறுப்பார்கள். ஐந்தாவது நாள் எரிச்சலில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் கம்பியைச் சேர்த்துவிடுவார்கள்.

எம்.சி.பி.யின் அளவு கம்பிக்குத் தக்கபடி இருக்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு 10 ஆம்பியர், 2.5 சதுர மில்லிமீட்டருக்கு 16 ஆம்பியர். மெல்லிய கம்பிக்குப் பெரிய எம்.சி.பி. வைத்தால், கம்பி எரிந்த பிறகுதான் அது விழும்.

கொட்டகையின் வாசலில் ஒரு மெயின் சுவிட்சும் வேண்டும். மழை படாத இடமாக, கைக்கு எட்டும் உயரத்தில், இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் சுவிட்சாக இருக்கட்டும். ஆபத்து நேரத்தில், இருட்டில், மழையில் வீட்டுக்கு ஓடிப் போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கம்பியைத் தரைக்குள் கொண்டு போவதானால், அதற்கென்றே உள்ள கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் புதைத்து, மேலே மணலும் செங்கல்லும் பரப்ப வேண்டும். மேலே கொண்டு போவதானால், தகரத்தில் உரசாமல், மரக்கிளை படாமல், ஆளும் வண்டியும் தாராளமாகப் போகும் உயரத்தில் இருக்க வேண்டும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பியூஸ் அடிக்கடி போகிறது என்று, ஒயரைக் கிழித்து நாலைந்து செம்பு இழைகளை முறுக்கிக் கட்டாதீர்கள். அது பியூஸ் அல்ல, தீப்பந்தம்.

கொட்டகைக்கு ஒரே ஒரு கம்பியைக் கொண்டு போய், இன்னொரு முனையை எர்த்தில் சேர்த்துப் பல்பு எரிய வைக்காதீர்கள். எர்த் இணைப்பு எங்காவது விட்டுப்போனால், எர்த் கம்பி தொட்ட இடமெல்லாம் மின்சாரம் ஏறும். ஆர்.சி.சி.பி. வைத்த வீட்டில் இந்த வேலை நடக்காது. போட்டதுமே விழுந்துவிடும்.

மின்கம்பி போகும் தூணிலோ, அதைத் தாங்கும் இழுவைக் கம்பியிலோ துணிக்கொடி கட்டாதீர்கள். இரும்புக் கம்பியில் துணிக்கொடி கட்டவே வேண்டாம். நைலான் கயிறு போதும். கொடியில் ஈரத் துணி காயப்போட்ட கையோடு எத்தனையோ தாய்மார்கள் உயிரை விட்டிருக்கிறார்கள்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதைத் திட்டாதீர்கள். எங்கேயோ கசிகிறது என்று அது சொல்கிறது. எங்கே என்று தேடிச் சரிசெய்யுங்கள். எல்லா வேலையையும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்யுங்கள்.

ஆபத்து நேர்ந்தால்

யாராவது மின்சாரத்தில் சிக்கியிருந்தால், முதலில் அவரைத் தொடாதீர்கள். பாசத்தில் ஓடிப் போய்ப் பிடித்தால் நீங்களும் சிக்குவீர்கள்.

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால், காய்ந்த பலகையின் மேல் நின்றுகொண்டு, காய்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். ஈரக் கட்டை கூடாது. இரும்புக் கம்பி கூடவே கூடாது. தெருவில் மின்வாரியக் கம்பி அறுந்து விழுந்திருந்தால், கட்டையாலும் கிட்டே போகாதீர்கள். தள்ளி நின்று மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

அவரை விடுவித்த பிறகு, மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லை என்றால், நடு மார்பில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தமாக அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மாதம் ஒரு முறை

ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். பக்கத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அதை அழுத்தினால் சாதனம் உடனே விழ வேண்டும். விழுந்தால் நலமாக இருக்கிறது. விழாவிட்டால் அது பொம்மைக் காவலாளி. உடனே மாற்றுங்கள்.

மாதம் பிறந்ததும் காலண்டர் தாளைக் கிழிக்கிறீர்கள் அல்லவா? அன்றைக்கே அந்தப் பொத்தானையும் அழுத்திவிடுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

கோடையில் எர்த் குழிக்குக் குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

இதற்கெல்லாம் செலவு ஆகும்தான். ஆனால், ஒரு கறவை மாட்டின் விலையோடு சேர்த்துப் பார்த்தால் அது மிகச் சிறிய தொகை. மனித உயிருக்கோ விலையே இல்லை.

மீண்டும் அந்த அதிகாலைக்கு வருவோம். அந்த வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

இரவு மழையில் தகரத்தில் மின்சாரம் ஏறிய கணமே சாதனம் விழுந்திருக்கும். அம்மாள் செம்போடு வரும்போது கொட்டகை இருட்டாக இருந்திருக்கும். "சனியன் பிடித்த விளக்கு, வேலை நேரத்தில்தான் போகும்" என்று முணுமுணுத்துக்கொண்டே டார்ச் எடுக்கத் திரும்பியிருப்பார். இருட்டில் பசு 'அம்மா' என்று கத்தியிருக்கும்.

கொல்லைப்புறம் போய், உங்கள் கொட்டகைக்குப் போகும் கம்பி எங்கிருந்து புறப்படுகிறது, அதற்குக் காவல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.